மூக்கு நைனாவும் எலுமிச்சை சென்ட்டும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கிற அத்தனை புகைபோக்கிகளும் கூட்டணி வைத்து ஊதினாலும் ஏமாற்ற முடியாத மூக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் மூக்கு நைனாவின் முகத்தில் இருந்தது.

நான் அப்போது அங்கே ரப்பர் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில், லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா ஸ்டோர் கீப்பர். பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள். அந்தப் பக்கத்துத் தெலுங்கு வாடையில், மேனேஜரிலிருந்து கேட் வாட்ச்மேன் வரை, ஆண் பெண் பார்க்காமல் எல்லாரையும் "நைனா" என்றுதான் கூப்பிடுவார். திருப்பி நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். அவருடைய சொந்தப் பெயர் டைம் ஆபீஸ் ரிஜிஸ்டரில் பத்திரமாக இருந்தது. யாரும் அதை எடுத்து உபயோகித்ததாக நினைவில்லை. முன்னால் ஒட்டிய 'மூக்கு' மட்டும் அவர் உழைத்துச் சம்பாதித்த பட்டம்.

சால்வென்ட் என்கிற, சட்டென்று தீப்பிடிக்கிற ரசாயனம் பேரல் பேரலாக எங்கள் ஸ்டோருக்கு வரும். லாரியிலிருந்து இறக்கும்போதே நைனா ஒரு மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு, "இதுல மண்ணெண்ண கலந்துக்கீறான் நைனா, திருப்பி அனுப்பு" என்பார். நான் விடுவேனா? படித்தவள். சாம்பிள் எடுத்து மெஷினில் போடுவேன். மூன்று மணி நேரம் கழித்து மெஷினும் அதையேதான் சொல்லும், கொஞ்சம் இங்கிலீஷில்.

ஒரு நாள் மேனேஜர் உள்ளே நுழைந்ததும் நைனா எழுந்து நின்று, மரியாதையாக, "சார், இன்னிக்கி உங்க ஊட்ல காரக்கொழம்பு. அடி புட்ச்சிருச்சி" என்றார். மேனேஜர் நம்பாமல் வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அடுத்த இரண்டு நாளும் அவர் கேன்டீனில்தான் சாப்பிட்டார்.

புதுவாயல் கூட்டுரோட்டில் பழவேற்காட்டு மீன் விற்கும் அக்கா ஒருவர் உண்டு. நைனா தூரத்தில் வந்தாலே கையெடுத்துக் கும்பிடுவார். "யோவ் மூக்கு, உனுக்கு இன்னா மீனு வோணும் சொல்லு, ஊட்டுக்கே குட்து அனுப்பறேன். இங்க நின்னுகினு மோந்து மட்டும் பாக்காதய்யா. பக்கத்துல ஆளுங்கோ கீறாங்கோ."

முகர்வதற்கு ஒரு சடங்கு வைத்திருந்தார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்து, கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வார். நல்ல வாசனை என்றால் வலது துவாரம், கெட்ட நாற்றம் என்றால் இடது துவாரம். "ரெண்டையும் ஒண்ணா கலந்தா மூக்கு பேஜாராயிடும் நைனா" என்பார். முகர்ந்து பார்ப்பதற்கு முன்னாலேயே அது நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் எலுமிச்சை சென்ட்டைக் கொண்டுபோனேன்.

அதற்குக் காரணம் ஒரு மீட்டிங். சென்னைத் தலைமை அலுவலகத்தில், ஏ.சி. அறையில், நான் போய் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் ஒருவர் மூக்கைச் சுருக்கி, "ஏதோ ஒயர் எரியிற ஸ்மெல் வருதே" என்றார். எல்லாரும் எழுந்தார்கள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் ஸ்டூல் போட்டு ஏறி ஏ.சி.யைத் திறந்து பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது ஒயர் இல்லை, நான்தான். ஐந்து வருஷ ரப்பர் வாசனை. அந்த அறையில் அது எனக்கு மட்டும் தெரிந்தது. நானும் எழுந்து மற்றவர்களோடு சேர்ந்து மேஜைக்கு அடியில் குனிந்து தேடினேன்.

அதே அலுவலகத்தில் ஒரு வேலை காலியானது. வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலை. விண்ணப்பித்தேன். மே மாதத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதே ஏ.சி. அறையில்.

இரண்டு வாரம் இருந்தது. புதுவாயலில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். கடைக்காரர் வெளிர்பச்சை பாட்டில் ஒன்றை எடுத்து, காகிதத் துண்டில் பீய்ச்சி நீட்டினார். "சம்மருக்குன்னே வந்தது மேடம். லைட்டா இருக்கும், தல வலிக்காது." எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கிள்ளினால் ஒரு நொடி வருமே, அது. அதற்குப் பின்னால் கொஞ்சம் ஆரஞ்சு, ஓரத்தில் ஓர் இலையின் கசப்பு. அங்கேயே மயங்கிவிட்டேன். ஆனால் பாட்டில் இருந்த அளவுக்கும் விலை இருந்த அளவுக்கும் பொருத்தமே இல்லை. மயக்கத்தில் வாங்கக் கூடாது, நைனா சொன்னால் வாங்கலாம் என்று தீர்மானித்தேன்.

மறுநாள் அவரையே கடைக்கு அழைத்துப் போனேன். காகிதத் துண்டை வாங்கினார். கைக்குட்டை, கழுத்து, வலது துவாரம், எல்லாம் முறைப்படி நடந்தன. கடைக்காரர் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

"கடைல வெச்சி எதையும் சொல்ல முடியாது நைனா" என்றார். "இங்க எல்லாமே சீவி சிங்காரிச்சிகினுதான் நிக்கும். வேலைக்கு இட்டுகினு போனாத்தான் வண்டவாளம் தெரியும். கொஞ்சம் ஊத்திக் குடுக்கச் சொல்லு. வெயில்ல வெச்சிப் பாத்துட்டு சொல்றேன்."

என் பையில் லேபின் சின்ன கண்ணாடிக் குப்பி ஒன்று இருந்தது. கடைக்காரர் மனசில்லாமல் அதில் கொஞ்சம் பீய்ச்சிக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை லேபிலிருந்து அவசரமாகக் குப்பியை எடுத்துப்போய், ஸ்டோர் ஜன்னலில் நீட்டிவிட்டு நான் திரும்ப ஓடிவிட்டேன். அன்று முழுக்க நைனா சென்ட்டும் கையுமாக இருந்தார். மணிக்கட்டில் ஒரு சொட்டு, ஒரு துண்டுத் துணியில் ஒரு சொட்டு. பாய்லர் பக்கம் ஒரு நடை, மத்தியான வெயிலில் லாரி இறக்கும் இடத்தில் ஒரு நடை. அரை மணிக்கு ஒரு தரம் மணிக்கட்டை மூக்குக்குக் கொண்டுபோய், பாக்கெட் நோட்டில் எழுதினார். லோடு இறக்குபவர்கள் விடவில்லை. "இன்னா நைனா, சென்ட்லாம் போட்டுகினு, பொண்ணு பாக்கப் போறியா?"

"போய்யா, இது ஆபீஸ் வேல" என்றார் நைனா.

சாயங்காலம் நோட்டை விரித்துப் படித்துக் காட்டினார்.

"ஒம்பது மணி, எலுமிச்சம்பழத் தோலு. ஒம்பதர, சாத்துக்குடி ஜூஸ் கட, கிளாஸ் மட்டும் சரியா கழுவல. பத்தர, நார்த்தங்கா எல. பன்னண்டு, ஐயர் ஊட்டு மோரு. ரெண்டு மணி, துவைச்ச சட்டய நெழல்ல காய வெச்சாப்ல. நாலு மணிக்கும் லேசா கீது. ஃபஸ்ட் க்ளாஸ் சரக்கு நைனா. கண்ண மூடிகினு வாங்கு."

எனக்குக் கால் தரையில் படவில்லை. சம்பளம் வந்ததும் வாங்கிவிடுவது என்று முடிவு செய்து ரயில் ஏறினேன். என் வீடு அத்திப்பட்டில். பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எதிர் சீட்டு அம்மா, "யாரும்மா எலுமிச்ச ஊறுகா கொண்ணாந்துக்கீறது? வாய் ஊறுது" என்றார்.

பையைத் திறந்தேன். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில், மூடி சரியாக இறுகாமல் கசிந்தபடி, சென்ட் குப்பி இருந்தது.

அப்படியானால் காலையில் நான் நைனாவிடம் கொடுத்தது என்ன? அவசரத்தில் லேப் தட்டிலிருந்து எடுத்திருக்கிறேன். அங்கே அதே மாதிரி குப்பிகளில் ஊற்றி வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். காய்ச்சி வடித்த தண்ணீர். சுத்தத்திலும் சுத்தமான, வாசனை என்றால் என்னவென்றே தெரியாத தண்ணீர்.

முதலில் சிரிப்பு வந்தது. வெறும் தண்ணீரில் ஐயர் வீட்டு மோர் வரைக்கும் கண்டுபிடித்திருக்கிறாரே! மீஞ்சூர் வருவதற்குள் கோபம் வந்தது. இத்தனை வருஷமும் இந்த மனிதர் எங்களை ஏமாற்றியிருக்கிறார். ஆனால் மண்ணெண்ணெய் பொய்யில்லையே. என் மெஷினே சாட்சி. காரக்குழம்புக்கு மேனேஜர் சாட்சி. அப்போதுதான் போன வாரம் ஞாபகம் வந்தது. கேன்டீனில் பால் கெட்டுப்போய், டீயை வாயில் வைத்த அத்தனை பேரும் துப்பினோம். நைனா மட்டும் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றார். ஜோக் அடிக்கிறார் என்று எல்லாரும் சிரித்தோம்.

அத்திப்பட்டு வந்தபோது எனக்குச் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

காலையில் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்பே போய், ஸ்டோர் ஜன்னலில் நிஜக் குப்பியை வைத்தேன். "நைனா, நேத்து நான் குடுத்தது தண்ணி" என்றேன்.

அவர் குப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு பேரல் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"எவ்ளோ நாளா நைனா?"

"கார்த்திக மாசம் காச்சல்ல படுத்துகினு இருந்தனே, அப்பத்துலேர்ந்து. காச்சல் போச்சி, கூடவே இதையும் இட்டுகினு பூடுச்சி."

"யாருக்கும் சொல்லலியா?"

"ஊட்டுக்காரிக்குத் தெரியும். அவ ரசத்துல பெருங்காயம் போடறதையே நிறுத்திட்டா. உனுக்குத்தான் ஒண்ணும் தெரியலியே, வேஸ்ட்டு எதுக்குன்றா."

ஆறு மாசமாக எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன். "மூஞ்சியப் பாத்துதான்" என்றார். "எதையாவது நீட்டுவாங்க இல்ல? அப்ப அவங்க மூஞ்சியிலயே பதில் எழுதிக்கும் நைனா. வாங்கணும்னு நெனச்சிகினு வர்றவன் மூஞ்சி ஒண்ணு, வேணாம்னு சொல்ல ஆள் தேடிகினு வர்றவன் மூஞ்சி ஒண்ணு. உன் மூஞ்சி கடையிலயே வாங்கிட்டுது. நான் இன்னாத்துக்குக் குறுக்க நிக்கணும்?"

நான் அவருக்குப் பின்னால் வரிசையாக நின்ற பேரல்களைப் பார்த்தேன். ஒரு மூடி தளர்ந்தால் முதலில் தெரிய வேண்டியது அந்த மூக்குக்குத்தான். அதை நம்பித்தான் நாங்கள் இருநூறு பேர் பக்கத்து ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் பார்வை போன இடம் அவருக்குப் புரிந்தது. "மூணு வேளையும் ஒவ்வொரு மூடியையும் பேப்பர் வெச்சி ஒத்திப் பாக்கறேன் நைனா. ஈரம் கீதான்னு. ஒரு நாளு தவறுனதில்ல." பாக்கெட்டிலிருந்து கசங்கிய காகிதங்களை எடுத்துக் காட்டினார்.

"ஈரம் இல்லாமயும் ஆவி கசியும் நைனா. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்" என்றார். காகிதங்களைத் திரும்பப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். "சொன்னா ஸ்டோர்லேர்ந்து தூக்கிருவாங்க. அத்த வுடு. வேற எடத்துல குந்திக்கலாம். அப்பறம் யாரு வந்து எங்கிட்ட எதையாவது நீட்டுவாங்க, சொல்லு?"

"நீங்களே போய் சொல்லிடுங்க நைனா. இல்லன்னா நான் சொல்ல வேண்டி வரும்" என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மேனேஜர் அறைக்கு அவரே நடந்து போனார். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். கதவு முழுக்கச் சாத்தவில்லை. நைனா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிறகு மேனேஜரின் குரல் கேட்டது. "அப்போ ஆறு மாசமா எங்க வீட்டுக் குழம்பு நல்லா இருக்குன்னு நீ சொன்னதெல்லாம்?"

"மூஞ்சியப் பாத்து சொன்னது சார்."

மேனேஜர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்த பிறகு முறையாகத் திட்டவும் செய்தார், முதல் நாளே சொல்லாததற்காக. ஆனால் ஸ்டோரிலிருந்து தூக்கவில்லை. பேரல்களை மோந்து பார்க்க அன்றே இன்னொரு ஆளைப் போட்டார். அந்த வாரமே ஆவி கசிந்தால் கத்துகிற கருவி ஒன்று ஸ்டோர் சுவரில் ஏறியது. நைனா அதற்கு 'மச்சான்' என்று பெயர் வைத்தார். முதல் வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஊதுவத்தி ஏற்றியதும் அது ஊரைக் கூட்டியது. "எல்லாத்துக்கும் கத்துது பாரு. நான் என்னிக்காவது இப்பிடிக் கத்துனனா?" என்று அவர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜரிடம் போய்வந்த மறுநாள் காலை அவரே லேபுக்கு வந்தார். கையில் அதே நோட்டு.

"சென்ட்டு வேல பாக்கி கீது. இன்னிக்கி மூக்கு உன்னுது, கேள்வி என்னுது. போட்டுக்கோ."

மணிக்கட்டில் ஒரு சொட்டு, துணியில் ஒரு சொட்டு போட்டு முகர்ந்தேன். "நல்லா இருக்கு" என்றேன்.

"நல்லா கீதுன்னா இன்னா அர்த்தம்? மாமியா ஊட்டு சாப்பாட்டுக்குச் சொல்றாப்ல சொல்லாத. தோலா, சாறா, எலையா?"

அன்றைக்கு நான் பட்ட பாட்டை என் மெஷின்கூடப் பட்டிருக்காது. எட்டரை மணிக்குத் தோல். ஒன்பதேகாலுக்குச் சாறு. பத்து மணிக்கு இலைக் கசப்பு மட்டும். "கசப்பு நடுவுலயா, ஓரத்துலயா?" என்று கேட்டு, நான் யோசிப்பதற்குள் பென்சிலால் நோட்டைத் தட்டுவார். பதினொரு மணிக்கு மணிக்கட்டில் வியர்வை தவிர ஒன்றும் இல்லை. துணியில் மட்டும் ஒரு நினைப்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"அதான்" என்றார். "எலுமிச்ச ஜாதி சரக்கு லேசு. வெயிலப் பாத்தா மொதல்ல ஓடறது அதுதான். துணியில போட்டா கொஞ்சம் நிக்கும். சரி, இப்ப சொல்லு. ரப்பர மறைச்சுதா?"

நான் உண்மையைச் சொன்னேன். இருந்த இரண்டு மணி நேரமும் பஞ்சர் கடையில் ஜூஸ் போட்ட மாதிரிதான் இருந்தது.

"ரப்பர் எங்கேர்ந்து வருது? கையி?"

முகர்ந்தேன். இல்லை. "முடி?" இல்லை. "துப்பட்டா?" சோப்பு வாசனைதான். நைனா லேபை ஒரு சுற்றுப் பார்த்தார். ரப்பரை வேகவைக்கும் அடுப்புக்குப் பின்னால் ஆணியில் என் பை தொங்கியது.

"அந்தப் பை எவ்ளோ நாளா அங்க தொங்கிகினு கீது?"

"வேலைல சேந்ததுலேர்ந்து."

"போய் மோந்து பாரு."

பைக்குள் முகத்தை விட்டவள் இருமிக்கொண்டே வெளியே எடுத்தேன். ஐந்து வருஷம் தினமும் எட்டு மணி நேரம் ரப்பர் புகையில் வெந்த பை. தலைமை அலுவலகத்துக்கு அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தலைமுதல் கால்வரை தேய்த்துத் தேய்த்துக் குளித்தவளுக்கு அதைத் துவைக்கத் தோன்றவே இல்லை.

மூக்கே இல்லாமல் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நைனா நோட்டை மூடினார். "தீர்ப்பு சொல்றேன், கேட்டுக்கோ. ஒளிச்சி வெக்கறதுக்குன்னா இந்த சென்ட்டு வேஸ்ட்டு. பத்தர மணிக்கெல்லாம் உன்ன வுட்டுட்டு ஓடிரும். பைய மாத்து, போதும். ஆனா காலைல அத்த மோந்தப்ப உன் மூஞ்சிய நான் பாத்துகினுதான் இருந்தேன். அந்த மூஞ்சிக்காகன்னா, வாங்கு. சின்ன பாட்டிலா வாங்கு."

சின்ன பாட்டில்தான் வாங்கினேன். புதுப் பையோடு நேர்காணலுக்குப் போனேன். கிளம்பும்போது துப்பட்டா ஓரத்தில் தெளித்துக்கொண்டது, ரயில் தண்டையார்ப்பேட்டை வருவதற்குள் பாதி போய்விட்டது. பரவாயில்லை. யாரும் மேஜைக்கு அடியில் தேடவில்லை. வேலை கிடைத்தது.

நைனாவைத் திருவள்ளூரில் ஒரு டாக்டர் பார்த்தார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, நீலகிரித் தைலம், இந்த நாலையும் தினமும் இரண்டு வேளை முகரச் சொன்னார். வரலாம், வராமலும் போகலாம், பொறுமைதான் மருந்து என்றாராம். செய்தி கம்பெனி முழுக்கப் பரவியது. அவர் எதற்குப் பயந்தாரோ அது மட்டும் நடக்கவே இல்லை. காலை நாஷ்டா முடிந்ததும் ஸ்டோர் ஜன்னலில் கியூ நின்றது. ஒருவர் ஏலக்காய், ஒருவர் மல்லிகைச் சரம், டிரைவர் ஒருவர் பீடிக்கட்டு. "நைனா, இத்த மோந்து பாரு, எதனா தெரிதா?" மீன் விற்கிற அக்கா கூடையையே முன்னால் தள்ளி வைத்தாராம். "மோந்துக்கோய்யா, எவ்ளோ வோணாலும் மோந்துக்கோ."

நான் சென்னைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு மதியம், வாடிக்கையாளர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நைனாவிடமிருந்து போன். எடுத்தால் மூச்சு வாங்குகிறது.

"நைனா! தெரிஞ்சிருச்சி நைனா! இப்பதான்!"

"என்ன நைனா தெரிஞ்சுது?"

"பினாயிலு! பாத்ரூம் கழுவிகினு கீறாங்க. உள்ள போனேன், குப்புனு வந்துச்சி. அங்கயே நின்னுகினு கீறேன். வெளிய வரவே மனசு வரல. இன்னா வாசன நைனா அது!"

போனில் அவர் இன்னொரு தரம் இழுத்து முகர்கிற சத்தம் கேட்டது. நான் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதிரில் இருந்தவர் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து, தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் ஒரு பாட்டில் பினாயில் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. தெருவிலேயே நின்று மூடியைத் திறந்து, கழுத்தை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். என்ன வாசனை!